விஷமாக்கும் வேகம்

ஆய்வக அலமாரியில் இறுக மூடிவைத்த மெத்தனால் புட்டியைப் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் உள்ளே மெத்தனால்தான் இருக்கும். அதே திரவம் மனித உடலுக்குள் போய்விட்டால், கல்லீரல் சில மணி நேரத்திலேயே அதில் கணிசமான பகுதியை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த வேறொன்றுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் இதே கொடுமை நடந்திருந்தது. இப்படிப்பட்ட நச்சுச் சாவுகளில் ஒரு கொடிய ஒழுங்கு உண்டு. குடித்தவுடன் வழக்கமான போதைதான் தெரியும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் தொடங்கும். கண்முன் வெண்பனி படர்ந்ததுபோல் பார்வை மங்கும். இந்தக் கால இடைவெளியைத் தீர்மானிப்பதில் முக்கியப் பங்கு கல்லீரலில் உள்ள ஒரு நொதிக்கு. அதன் பெயர் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்.

இது சாராயத்துக்காக உருவான நொதி அல்ல. கனிந்து புளித்த பழங்களில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். குடலில் வாழும் நுண்ணுயிர்களும் துளித்துளியாக அதை உண்டாக்கும். அவற்றை அப்புறப்படுத்தவே இந்த நொதி பயன்படுகிறது. 374 அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலிகள் இரண்டு சேர்ந்து ஒரு மூலக்கூறாகின்றன. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு துத்தநாக அணு. வேலை நடக்கும் இடம் அதுதான்.

எந்த வேதிவினையும் தொடங்குவதற்கு ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். பிணைப்புகள் பாதி அறுந்தும் பாதி உருவாகியும் நிற்கும் நிலையற்ற ஓர் இடைநிலையை மூலக்கூறு அடையவேண்டும். அதற்குத் தேவைப்படுவது கிளர்வு ஆற்றல். புட்டியில் உள்ள மெத்தனாலுக்கு அது கிடைப்பதில்லை. நொதியின் பள்ளத்திலோ துத்தநாகம் மெத்தனாலின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனோடு ஒட்டியிருந்த ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடுகிறது. கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜன்களில் ஒன்றை வாங்கிக்கொள்ள, பி3 வைட்டமினிலிருந்து உருவாகும் என்ஏடி என்ற துணைமூலக்கூறு சரியான தூரத்தில், சரியான கோணத்தில் காத்திருக்கிறது. இடைநிலைக்கு இத்தனை தாங்கல் கிடைப்பதால் தடையின் உயரம் குறைகிறது, வினை விரைகிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி வெளியேறுகிறது. நொதி தேய்வதுமில்லை, தீர்வதுமில்லை. அடுத்த மூலக்கூறுக்கு உடனே இடம் தருகிறது.

ஆனால் இந்த வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 1913இல் பெர்லினில் லியோனோர் மிக்கேலிஸும் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் மாட் மென்டெனும் ஈஸ்ட்டில் உள்ள, சர்க்கரையைப் பிளக்கும் நொதி ஒன்றை வைத்து இதைக் கணக்காக்கிக் காட்டினார்கள். கரைசலில் சர்க்கரையைக் கூட்டக்கூட வினை விரைவாகும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. டிக்கெட் கவுண்டர்கள் அத்தனையிலும் ஆள் நிற்கும்போது வரிசை நீளுமே தவிர விற்பனை கூடாது. அதிகம் குடித்தவரின் உடலில் ஆல்கஹால் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில் மட்டுமே கரைவது இதனால்தான். தலையில் தண்ணீர் ஊற்றினாலும் மோர் கொடுத்தாலும் அந்த வேகம் மாறாது.

ஃபார்மால்டிஹைடு உடலில் நிலைப்பதில்லை. இன்னொரு நொதி அதைச் சில நிமிடங்களில் ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். முசுறு எறும்பு பீய்ச்சுகிறதே, அதே அமிலம். அடுத்து இதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றவேண்டும். ஃபோலிக் அமிலத்தின் துணையோடு நடக்கும் அந்த வேலை மனிதரில் மிக மெதுவானது. எலியின் கல்லீரலில் ஃபோலேட் இருப்பு அதிகம் என்பதால் அமிலம் உடனுக்குடன் வெளியேறிவிடும். மனிதரையும் குரங்கையும் குருடாக்கும் அளவு மெத்தனால் எலியின் கண்ணைத் தொடுவதில்லை. அதே நஞ்சு, அதே பாதை. கடைசிப் படியின் வேகம் மட்டும்தான் வேறு. விலங்குச் சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேங்கிய ஃபார்மிக் அமிலம் செய்வது இன்னொரு நொதிமீதான தாக்குதல். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இறுதிக் கட்டத்தில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸை அது தடுக்கிறது. மூச்சு இருந்தும் செல்கள் திணறும். ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. ரத்தத்தின் இயல்பான காரஅமில அளவு 7.4. அது சரியச்சரிய ஃபார்மிக் அமிலம் செல்களுக்குள் இன்னும் எளிதாக நுழைகிறது. மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவது இந்தச் சுழலை அறுப்பதற்காகத்தான்.

முக்கிய சிகிச்சை, முதல் நொதியின் பள்ளத்தை வேறொன்றால் நிரப்பிவிடுவது. மெத்தனாலைவிட எத்தனாலை இந்த நொதி பல மடங்கு இறுக்கமாகப் பற்றும். எனவே மருத்துவமனையில் ரத்த அளவை அளந்தபடி எத்தனாலை ஏற்றினால், மெத்தனால் மாறாமலேயே சிறுநீரகம், நுரையீரல் வழியே மெல்ல வெளியேறும். (இதை வீட்டில் யாரும் முயலவே கூடாது.) இதைவிடச் சிறந்தது ஃபோமெபிசோல். ஸ்டாக்ஹோமில் ஹியூகோ தியோரெல் குழு இந்த நொதியை ஆராய்ந்தபோது, பைரசோல் வகைப் பொருள்கள் அதைத் தடுப்பதை 1960களில் கண்டது. அந்த வகையைச் சேர்ந்த ஃபோமெபிசோல், எத்தனாலைவிட மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், போதையும் தராது. மெத்தனால் நச்சுக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது.

இரண்டு மருந்துகளும் தடுப்பது முதல் படியை மட்டுமே. ஏற்கெனவே உருவாகிவிட்ட அமிலத்தை டயாலிசிஸ்தான் விரைந்து வெளியேற்றும். ஃபோலினிக் அமிலம் அதற்குத் துணை. அதனால்தான் ஒருவர் பாதிக்கப்பட்டது தெரிந்தவுடனே, அதே சாராயத்தைக் குடித்துவிட்டு “எனக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டில் இருப்பவர்களையும் தேடிப்பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டியிருக்கிறது. அவர்கள் குடித்ததில் பெரும்பகுதி அப்போது இன்னும் மெத்தனாலாகவே இருக்கக்கூடும்.