அரிய பறவை அடுத்தவர் வயலில் இருக்கிறதா? உள்ளே இறங்கும் முன் இதைப் படிங்க!

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வருகிறது. கூடவே ஒரு லொகேஷன். 'லகர் வல்லூறு, இன்னிக்குக் காலையில எடுத்தது.' திருநகரில் இருக்கும் நீங்கள் ஞாயிறு அதிகாலையிலேயே பைனாகுலரை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுகிறீர்கள். மேலூர் சாலையில் திரும்பி, மேப் காட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அது காடும் இல்லை, சரணாலயமும் இல்லை. யாரோ ஒருவருடைய நெல் வயல். இப்போ என்ன செய்வது?

பறவை ஏன் வயலுக்கு வருகிறது?

மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் தலம் அதுதான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் இதில் அடங்கும். இங்கே பதிவான பறவை இனங்கள் ஏறத்தாழ 250. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் முக்கியமானவை.

பாறை விளிம்பில் கூடு வைக்கும் வல்லூறு, இரை தேட இறங்குவது திறந்தவெளிக்கு. சின்னப் பறவை, ஓணான், எலி எல்லாம் கிடைப்பது புஞ்சையிலும் வரப்பு ஓரத்திலும்தான். மலையைச் சுற்றியுள்ள அந்த நிலங்களில் பெரும்பகுதி பட்டா நிலம். பாரம்பரியத் தலம் என்ற போர்டைப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள வயலும் பொது இடம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

வேலி இல்லையே, போகலாம்தானே?

கூடாது. நம்ம ஊரில் வயலுக்கு வேலி போடும் வழக்கம் குறைவு. அதனால் அது திறந்த அனுமதி ஆகிவிடாது. குற்றம் செய்யவோ, நிலத்தில் இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவின் கீழ் அது குற்றம். அந்த நோக்கம் இல்லாமல் போனாலும், 'வெளியே போங்க' என்று சொல்லும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு.

தென்கால், நிலையூர், சாமநத்தம் போன்ற கண்மாய்களுக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்மாய் பொதுச்சொத்து. ஆனால் கரைக்குக் கீழே இருக்கும் பாசன வயல்கள் தனியாருடையவை. கண்மாயில் மீன் குத்தகை விடப்பட்டிருந்தால், வலை போட்டிருக்கும் இடத்தில் குத்தகைதாரரின் பிழைப்பும் இருக்கிறது.

கேமராவைப் பார்த்தால் ஏன் சந்தேகப்படுகிறார்கள்?

காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. மேலூர் வட்டார மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்த ஊர் அது. முன்பின் தெரியாத நாலு பேர் முக்காலியும் டிரோனுமாக வயலில் நின்றால், 'அளக்க வந்திருக்காங்களோ?' என்று தோன்றுவது இயல்புதானே? நமக்கு அது ஒரு போட்டோ, அவர்களுக்கு அது வாழ்க்கை.

எப்படிக் கேட்பது?

வண்டியைக் களத்திலோ வண்டிப்பாதையிலோ நிறுத்தாதீர்கள். டிராக்டரும் அறுப்பு மெஷினும் போகும் வழி அது. வயலில் ஆள் இருந்தால் நேரே போய்ப் பேசுங்கள். யாரும் இல்லையென்றால் டீக்கடையில் விசாரியுங்கள்.

"அண்ணே, வணக்கம். திருநகர்லேர்ந்து வர்றோம். உங்க வயல் பக்கம் ஒரு வல்லூறு வருதுன்னு சொன்னாங்க. வரப்புல நின்னு பாத்துட்டுப் போயிரவா?"

இவ்வளவு போதும். பெயர், ஊர், எதற்கு வந்தோம், எவ்வளவு நேரம் இருப்போம் என்று சொல்லிவிட்டால் பாதி சந்தேகம் போய்விடும். பைனாகுலரை அவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பறவை எத்தனை மணிக்கு வரும், எந்தப் பனையில் உட்காரும் என்பது உங்கள் ஆப்பைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 'வேண்டாம் தம்பி' என்றால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். காரணம் கேட்டு வாதாட வேண்டாம்.

வயலுக்குள் கவனிக்க வேண்டியவை

* புதிதாக மண் பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள். உடைந்தால் தண்ணீர் வடிந்துவிடும்.
* விளைந்த பயிருக்குள் இறங்கவே கூடாது. அன்று மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் உண்டு. கேமராவில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள்.
* கட்டியிருக்கும் மாடு, மோட்டார் ரூம், திறந்திருக்கும் மடை எதையும் தொட வேண்டாம்.
* வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.
* பறவையை வரவழைக்க மொபைலில் அதன் குரலைப் போடாதீர்கள். கூட்டை நெருங்கவே கூடாது. கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

லொகேஷனை ஷேர் பண்ணலாமா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அவர் அனுமதி கொடுத்தது உங்களுக்கு, உங்கள் குரூப்பில் இருக்கும் 200 பேருக்கு இல்லை. நீங்கள் ஒரு பின் போட்டால் அடுத்த ஞாயிறு முப்பது பைக் வரும். அதற்கடுத்த வாரம் அந்த வரப்பே இருக்காது. அவர் இனி யாரையும் உள்ளே விடமாட்டார், நியாயமாகக் கேட்கிறவரையும் சேர்த்து. ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். அதைச் சொல்லலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இ-பேர்ட் தளமே ஆபத்திலுள்ள சில இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை.

2015 முதல் ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நாம் பறவை எண்ணக் கிளம்பும் அதே நாட்களில்தான் பல ஊர்களில் அறுப்பும் நடக்கிறது. அந்த நேரத்தில் குறுக்கே நிற்காமல் இருப்பதும் மரியாதைதான்.

மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை இன்னும் அங்கே வருகிறதென்றால், அந்த ஊர்க்காரர்களும் அதற்கு ஒரு காரணம். அடுத்த முறை வரப்பில் நின்று வல்லூறைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். 'அடுத்த தடவை வந்தா வீட்டுக்கு வாங்க' என்று அவர் சொன்னால், வந்த வேலை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.