மூட்டு வாதமும் நிணநீர்ப் புற்றுநோயும்: பயம் மருந்துக்கா, வருத்தத்துக்கா?

"இந்தக் குளிசய நான் உட்டுட்டன் மகன். இதுல புத்துநோய் வரும் எண்டு எழுதிக் கிடக்காம்."

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு சாச்சியைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இது. பதினொரு வருடமாக அவருக்கு மூட்டு வாதம்; வைத்தியர்கள் 'ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ்' என்று சொல்லும் வகை. மெத்தோட்ரெக்சேட் என்ற குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள் எடுத்து வந்தார். ஒரு மாதம் அதை வெளியே பாமசியில் வாங்க வேண்டி வந்திருக்கிறது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டை மகள் வாசித்திருக்கிறாள். அதில் 'லிம்ஃபோமா' என்ற சொல் இருந்தது. அன்றோடு மருந்து நின்றுவிட்டது. இரண்டு மாதம் ஆகியிருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். தொழுகையும் கதிரைக்கு மாறியிருந்தது.

நான் மருந்தாளராக வேலை செய்பவன். அந்தத் துண்டில் இருப்பது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது முழுக் கதையும் இல்லை. சாச்சிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த வருத்தம் ஆண்களை விடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே வாசிக்கும் பலருக்கு வீட்டில் ஒரு சாச்சி இருக்கக்கூடும்.

லிம்ஃபோமா என்பது நிணநீர்ப் புற்றுநோய். நமது இரத்தத்திலும், கழுத்து, கக்கம், அரை ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களிலும் 'லிம்ஃபோசைட்' என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் போராடும் படை அது. அந்த அணுக்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் லிம்ஃபோமா.

மூட்டு வாதத்திலும் குழப்பம் செய்வது இதே படைதான். கிருமி எதுவும் இல்லாமலே மூட்டின் உட்சவ்வை எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. படைக்கு ஓய்வு இல்லை. வருடக்கணக்காக லிம்ஃபோசைட்டுகள் தூண்டப்பட்டுப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் அணு பிரியும் ஒவ்வொரு தடவையும் அதன் மரபணுவில் பிழை நேர ஒரு சந்தர்ப்பம் உண்டு. கூடுதலாகப் பிரிந்தால் கூடுதலான சந்தர்ப்பம்.

இந்த இரு நோய்களின் உறவுக்கு ஒரு மருந்தே சாட்சி. ரிட்டக்சிமாப் என்ற ஊசி 1997இல் அமெரிக்காவில் லிம்ஃபோமாவுக்கு அனுமதி பெற்றது. லிம்ஃபோசைட்டுகளில் 'பி' வகையை அழிப்பது அதன் வேலை. 2006இல் அதே ஊசிக்கு மூட்டு வாதத்திற்கும் அனுமதி கிடைத்தது.

மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 'இரண்டு மடங்கு' என்றால் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் லிம்ஃபோமாவின் பெரும்பகுதியான 'நொன்-ஹொட்ஜ்கின்' வகை ஆண்டொன்றுக்கு இலட்சத்தில் சுமார் 20 பேருக்கு வருகிறது. அதை இரட்டித்தால் 40. வயது கூடக் கூட இந்தக் கணக்கு ஏறும். என்றாலும் மூட்டு வாதம் உள்ள மிகப் பெரும்பான்மையோருக்கு இது ஒருநாளும் வருவதில்லை.

அந்தக் கூடுதல் எதனால் வருகிறது? மருந்தாலா, வருத்தத்தாலா? சுவீடனில் இதைத்தான் தேடினார்கள். சுமார் 75,000 மூட்டு வாத நோயாளரின் பதிவுகளிலிருந்து லிம்ஃபோமா வந்த 378 பேரை எடுத்து, அது வராத 378 நோயாளரோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. வாதம் நீண்டகாலம் கடுமையாக இருந்தவர்களுக்கு, அடங்கியிருந்தவர்களை விட லிம்ஃபோமா வாய்ப்பு ஏறத்தாழ 70 மடங்கு. வாதத்தைத் தணிக்கக் கொடுத்த வழமையான மருந்துகள் அந்த வாய்ப்பைக் கூட்டியதாகத் தெரியவில்லை. அந்த நோயாளரின் காலத்தில் மெத்தோட்ரெக்சேட் பரவலாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் வந்த 'ரி.என்.எஃப்.' தடுப்பு ஊசிகளைப் பற்றி பிரித்தானியப் பதிவேடு ஒன்றை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வும், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே லிம்ஃபோமாவில் வித்தியாசம் காணவில்லை.

அப்படியென்றால் துண்டில் ஏன் எழுதியிருக்கிறார்கள்? காரணம் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் மிகச் சிலருக்கு லிம்ஃபோமா போன்ற கட்டிகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில, மருந்தை நிறுத்தியதும் தாமாகவே சுருங்கியும் இருக்கின்றன. அத்தகைய ஒரு சந்தர்ப்பத்தில் மருந்தை நிறுத்துவது வைத்தியர் செய்யும் முதல் காரியம். கட்டி எதுவும் இல்லாத ஒருவர் துண்டைப் பார்த்துத் தானாக நிறுத்துவது வேறு விஷயம். அவர் அரிதான ஓர் ஆபத்தை விலக்கப் போய், வாதத்தை எரிய விடுகிறார். மூட்டு தேய்ந்து கோணிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

"அப்ப எனக்கு இது வராதா?" என்று சாச்சி கேட்டார்.

"வராது எண்டு ஆராலயும் சொல்லேலா சாச்சி. ஆனா வாதத்த அடக்கி வெச்சா பயம் குறைவு."

எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னேன். கழுத்திலோ கக்கத்திலோ அரையிலோ நோவில்லாத கட்டி வந்து சில கிழமைகளாகியும் வற்றாமல் இருப்பது, காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் அளவு வியர்வை, சாப்பிட்டும் உடம்பு மெலிவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. கண்ணும் வாயும் காய்ந்துபோகும் 'சோக்ரன்' வருத்தமும் சேர்ந்திருந்தால் காதடியில் வரும் வீக்கத்தையும் பார்க்க வேண்டும். வாதத்தாலேயே கணுக்கள் வீங்குவதும் உண்டு. எது என்பதைத் தடவிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. சில வேளை ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டி வரும்.

மெத்தோட்ரெக்சேட்டில் நான் உண்மையாகவே பயப்படுவது வேறொன்றுக்கு. அது கிழமைக்கு ஒரு நாள் எடுக்கும் மருந்து. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்று கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள். நோன்பு காலத்தில் நோன்பு துறந்த பிறகு எடுக்கலாம். கர்ப்பிணிகளும் பிள்ளைக்கு எதிர்பார்த்திருப்பவர்களும் எடுக்கக் கூடாது. இரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

அடுத்த கிழமை சாச்சியைக் கிளினிக்குக் கூட்டிப் போனோம். துண்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். வைத்தியர் கழுத்தையும் கக்கத்தையும் பார்த்து, இரத்தம் சோதித்து, குளிசையை மீண்டும் தொடங்கினார். சாச்சியின் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்ததும் கோல் எடுத்து, "குளிச குடிச்சயளா?" என்று கேட்பது இப்போது என் வேலை.