வரி கட்ட மட்டும் இன்சூரன்சா? விபத்து நடந்தால் வீடு, வாசல் போய்விடும்! வண்டி ஓனர்களே உஷார்

சென்னை:

காலாண்டு வரி கட்ட கடைசி தேதி நெருங்கினால் போதும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர்களைச் சுற்றி கூட்டம் மொய்க்கும். "அண்ணே, இன்சூரன்ஸ் முடிஞ்சு 2 மாசம் ஆச்சு. வரி கட்டணும். கம்மியில ஏதாச்சும் ஒரு பேப்பர் ரெடி பண்ணிக் கொடுங்க" என்று வண்டி ஓனர்கள் கெஞ்சுவார்கள்.

பேப்பர் கிடைத்ததும் வரி கட்டியாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். அந்த பேப்பர் நிஜமானதுதானா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வரிக்கும் இன்சூரன்சுக்கும் என்ன சம்பந்தம்?

வரிப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. இன்சூரன்ஸ் பணம் கம்பெனிக்குப் போகிறது. இரண்டும் வேறு வேறு. ஆனால் மோட்டார் வாகன சட்டம் 146-வது பிரிவின்படி, 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது. அதனால்தான் வரி, எப்.சி., பெர்மிட் என்று எந்த வேலைக்குப் போனாலும் நடப்பில் உள்ள இன்சூரன்சை கேட்கிறார்கள்.

லாரி போன்ற வண்டிகளுக்கு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என 3 மாதத்துக்கு ஒரு முறை வரி வருகிறது. சொந்த கார், பைக் கதை வேறு. ஷோரூமில் எடுக்கும்போதே ஆயுள் வரி கட்டி விடுகிறார்கள். அப்புறம் 15 வருஷம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கவும், பசுமை வரி கட்டவும் போகும்போதுதான் இன்சூரன்ஸ் ஞாபகமே வருகிறது. நடுவில் எத்தனை வருஷம் வண்டி சும்மா ஓடியது என்பது ஓனருக்கே தெரியாது!

ஒரு மாசத்துக்கு மட்டும் போடலாமா?

இங்கிலாந்தில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று குறுகிய கால கார் இன்சூரன்ஸ் கிடைக்கிறது. அதைப் போட்டு வரி கட்டுபவர்களும் உண்டு. ஆனால் அங்கேயும் வரி கட்டி விட்டு இன்சூரன்சை விட்டு விட்டால், வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் அபராத நோட்டீஸ் வரும். 'வண்டியை ரோட்டில் எடுக்க மாட்டேன்' என்று முறைப்படி எழுதிக் கொடுத்தால்தான் தப்பிக்க முடியும்.

நம்ம ஊரில் தேர்டு பார்ட்டி பாலிசி வழக்கமாக ஒரு வருஷத்துக்கு போடப்படுகிறது. 2018 செப்டம்பர் 1-ந்தேதி முதல் புது காருக்கு 3 வருஷம், புது பைக்குக்கு 5 வருஷம் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு பணம் கட்ட முடியாதவர்கள் குறுக்கு வழியைத் தேடும்போதுதான் மோசடி பேர்வழிகள் கையில் சிக்குகிறார்கள்.

லாரிக்கு பைக் இன்சூரன்ஸ்!

2022 ஜூன் 1-ந்தேதி அமலுக்கு வந்த கட்டணத்தைப் பார்த்தால் மோசடியின் காரணம் புரியும். 7,500 கிலோ வரை எடை கொண்ட சரக்கு லாரிக்கு தேர்டு பார்ட்டி பிரிமியம் ரூ.16,049. 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு ரூ.714 மட்டுமே. ஜி.எஸ்.டி. தனி.

லாரி நம்பரைப் போட்டு பைக் என்று சொல்லி பாலிசி எடுப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அதை லாரி பாலிசி போல திருத்தி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். ஓனரிடம் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு மிச்சத்தை பாக்கெட்டில் போட்டுக் கொள்வார்கள். இந்த மாதிரி மோசடிகள் பல மாநிலங்களில் பிடிபட்டுள்ளன.

செக் கொடுத்து பாலிசி எடுத்து, அந்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தாலும் ஆபத்துதான். கம்பெனி பாலிசியை ரத்து செய்து விடும். கையில் பேப்பர் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

விபத்து நடந்தால் யார் தலையில் விழும்?

நல்ல பாலிசி இருந்தால், வண்டி மோதி ஒருவர் இறந்துபோனாலோ, கை கால் போனாலோ கோர்ட்டு சொல்லும் நஷ்டஈட்டை கம்பெனி கட்டும். அதற்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயது, சம்பளம், அவரை நம்பியிருந்த குடும்பம் இவற்றைப் பார்த்து கோர்ட்டு தொகையை முடிவு செய்யும். பல லட்சம் வரும்.

பாலிசி போலி என்றாலோ, முடிந்து போயிருந்தாலோ கம்பெனி கையை விரித்து விடும். மொத்த பணமும் ஓனர் தலையில் விழும். வண்டி, நிலம், வீடு என்று எதை வேண்டுமானாலும் ஜப்தி செய்ய கோர்ட்டுக்கு போகலாம்.

வண்டியும் லேசில் திரும்பி வராது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்கு ஈடு கட்டாமல் விடக்கூடாது, 3 மாதம் ஆகியும் ஈடு கட்டாவிட்டால் ஏலம் விட்டு பணத்தை நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் யோசிக்க வேண்டும். அடிபட்டவரும் ஒரு கூலித்தொழிலாளியாக இருக்கலாம். ஓனரிடம் பணம் இல்லை என்றால் அந்த குடும்பம் கோர்ட்டு தீர்ப்பை கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

போலீசில் சிக்கினால் முதல் தடவை ரூ.2 ஆயிரம், மறுபடி சிக்கினால் ரூ.4 ஆயிரம் அபராதம். 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. விபத்து நஷ்டஈட்டோடு பார்த்தால் இந்த அபராதம் ஒன்றுமே இல்லை.

'90 நாள் டைம் இருக்கு' என்பது தப்பு

"முடிஞ்சா என்ன, 90 நாள் டைம் இருக்குப்பா" என்று பலர் சொல்வதுண்டு. அது 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடியை காப்பாற்றிக்கொள்ளத்தான். அந்த 90 நாளும் வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. காலையில் விபத்து நடந்து, மதியம் அவசரமாக பாலிசி எடுத்தாலும் பலிக்காது. பாலிசியில் எந்த மணியில் இருந்து என்று அச்சாகி இருக்கிறதோ, அப்போதிருந்துதான் செல்லும்.

எப்படி செக் பண்ணுவது?

* எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எந்த கம்பெனி, எந்த தேதி வரை என்பது தெரியும்.

* பாலிசியில் வண்டியின் வகை, என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிய பணமும், அச்சாகியுள்ள பிரிமியமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* சந்தேகம் இருந்தால் கம்பெனியின் கிளை ஆபீசுக்கு நேராக பாலிசியை எடுத்துப் போய் கேட்கலாம். புகார் என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற நம்பருக்கு போன் போடலாம்.

* தேர்டு பார்ட்டி பாலிசி மற்றவர்களுக்குத்தான். வண்டியை ஓட்டும் ஓனர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு ரூ.15 லட்சம் கிடைக்க, தனிநபர் விபத்து பாலிசியும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

பாலிசி முடியும் தேதியை வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, 10 நாள் முன்கூட்டியே புதுப்பித்து விட்டால், வரி கட்டும் நாளில் புரோக்கரிடம் போய் நிற்க வேண்டிய அவசியமே இருக்காது.