கடன் யார் பெயரில், முடிவு யார் கையில்

ஈடாக நகையோ நிலமோ கேட்காமல், ஐந்து முதல் பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவின் கூட்டுப் பொறுப்பில் சிறு தொகையைக் கடனாகக் கொடுத்து, அதை வாரத் தவணையாகத் திரும்பப் பெறும் முறை நுண்கடன் எனப்படுகிறது. வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் நிறுவிய கிராமீன் வங்கி இம்முறையை உலகறியச் செய்ததோடு, 2006இல் அவருடன் சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசையும் பெற்றது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள், சேமிப்பிலிருந்து கடனுக்குச் செல்லும் சற்றே வேறான பாதையில் வளர்ந்தவை என்றாலும், இரண்டுக்கும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றுதான். பெண்ணின் கைக்குப் பணம் வந்தால் அவள் தொழில் தொடங்குவாள், தொழிலால் வருமானம் உயரும், வருமானத்தால் வீட்டிலும் ஊரிலும் அவள் சொல்லுக்கு மதிப்பு வரும் என்ற அந்த நம்பிக்கையின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதித்துப் பார்த்ததே கடந்த இருபது ஆண்டுகளில் சமூக அறிவியல் செய்த பயனுள்ள பணிகளில் ஒன்று.

இந்தச் சோதனை எளிதானதன்று. கடன் வாங்கிய குடும்பங்களையும் வாங்காத குடும்பங்களையும் ஒப்பிட்டு, வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று காட்டிவிடலாம். ஆனால் துணிந்து கடன் வாங்குபவர் பெரும்பாலும் முன்பே முனைப்பும் வாய்ப்பும் உடையவர் என்பதால், அந்த வளர்ச்சி கடனால் வந்ததா, அவருடைய இயல்பால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இதைக் கடக்க, புதிய மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவத் துறையிலிருந்து பொருளியலாளர்கள் எடுத்துக்கொண்ட வழிமுறையே சமவாய்ப்பு ஆய்வு. ஒத்த தன்மையுள்ள ஊர்களையோ குடும்பங்களையோ குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் திட்டத்தை முதலில் கொடுத்து, மறு பகுதியைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டால், இடைப்பட்ட காலத்தில் இரண்டுக்கும் நடுவே தோன்றும் வேறுபாட்டைத் திட்டத்தின் விளைவாகக் கொள்ளலாம். வறுமை ஒழிப்பில் இவ்வழிமுறையை நிலைநாட்டியதற்காகவே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் வழங்கப்பட்டது.

பானர்ஜியும் டஃப்லோவும் வேறு இருவருடன் சேர்ந்து ஐதராபாத்தில் நடத்திய ஆய்வு இவ்வகையில் பெயர் பெற்றது. நகரின் 104 ஏழைக் குடியிருப்புகளில் 52ஐக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அங்கு மட்டும் ஸ்பந்தனா என்ற நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. ஆறு முதல் பத்துப் பெண்கள் கொண்ட குழு, முதல் கடன் 10,000 ரூபாய், 50 வாரங்களில் தவணை, ஆண்டுக்கு ஏறத்தாழ 24 விழுக்காடு வட்டி என்பவை கடனின் விதிகள். ஒன்றேகால் ஆண்டு கடந்து குடும்பங்களைக் கணக்கெடுத்தபோது, முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் அதில் கூடுதலாக முதலிட்டிருந்தனர். வீட்டுக்கும் தொழிலுக்கும் வேண்டிய நீடித்து உழைக்கும் பொருள்களுக்கான செலவு கூடி, தேநீர், புகையிலை, வெளித்தின்பண்டம், சூதாட்டம் போன்றவற்றின் செலவு குறைந்திருந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த நுகர்வு, அதாவது உணவு, உடை, மருந்து, பள்ளிக் கட்டணம் என அனைத்துக்கும் சேர்த்துச் செய்யும் செலவு, உயரவில்லை. இலாபம் கண்டவர்கள் பெரும்பாலும் முன்பே நன்றாக நடந்த தொழில்களின் உரிமையாளர்கள். பிள்ளைகளின் கல்வி, உடல்நலம், வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

2015இல் இவ்வாய்வு வெளியான அதே இதழில் போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் சேர்ந்து வெளிவந்தன. நாடும் கடனின் விதிகளும் வேறுபட்டிருந்தும் முடிவுகள் பெரிதும் ஒத்திருந்தன: நுண்கடன் ஏழைகளைக் கெடுத்துவிடவில்லை, ஆனால் வறுமையிலிருந்து தூக்கிவிடவும் இல்லை. கடனே வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசர முடிவாகும். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு பிறப்பித்த அவசரச் சட்டத்தால் அம்மாநிலத்தில் நுண்கடன் வசூல் முடங்கியதும், நிறுவனங்களின் நிதிநிலை ஆட்டம் கண்டு, நாட்டின் பிற பகுதிகளிலும் கடன் திடீரென வற்றியது. அதன் விளைவை ஆராய்ந்த எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும், கடன் மிகுதியாகக் குறைந்த மாவட்டங்களில் கூலி வேலை செய்வோரின் ஊதியமும் வீட்டுச் செலவும் சரிந்ததைக் கண்டனர். கடனே வாங்காத கூலித் தொழிலாளியும் ஊரில் புழங்கும் கடனால் பிழைக்கிறார் என்பது ஒரு குடியிருப்பை மட்டும் பார்க்கும் ஆய்வில் எளிதில் புலப்படாது.

கடனின் விதியிலேயே ஒரு தடை ஒளிந்திருப்பதைக் கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் குழுவினரும் காட்டினர். கடன் வாங்கிய இரண்டாம் வாரமே தவணை கட்ட வேண்டுமானால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே ஒதுக்கி வைக்க நேர்கிறது. தையல் இயந்திரம் வாங்கி, வாடிக்கையாளரைப் பிடித்து, வருமானம் பார்க்கச் சில மாதங்கள் ஆகும் தொழிலில் அதைப் போட முடியாது. தவணை தொடங்கும் நாளை இரண்டு மாதம் தள்ளி வைத்ததும் தொழில் முதலீடு கூடியது, நீண்ட காலத்தில் இலாபமும் கூடியது. கூடவே, கடனைத் திருப்பிக் கட்டத் தவறியவர்களும் கூடினர். கடன் கொடுப்பவரின் பாதுகாப்பும் வாங்குபவரின் வளர்ச்சியும் ஒரே திசையில் செல்வதில்லை என்ற உண்மையை இத்தனை துலக்கமாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

எனினும் மேலும் ஆழமான கேள்வியை எழுப்பியது தென்னிலங்கை. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டான 2005இல், சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் நடத்துவோரைத் தொடர்ந்து கணக்கெடுத்தனர். பெட்டிக்கடை, மிதிவண்டி பழுதுபார்த்தல், இடியாப்பம் அவித்து விற்றல், தையல், பின்னல் வேலை போன்ற தொழில்கள் அவை. குலுக்கலில் வந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய், பாதி பேருக்குப் பணமாகவும் பாதி பேருக்குப் பொருளாகவும், திருப்பித் தர வேண்டாத கொடையாக வழங்கப்பட்டது. கூடுதல் முதலீடு மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வருவாய் ஈட்டியது. அன்றைய வங்கி வட்டியைவிட இது பல மடங்கு. ஆனால் இந்தச் சராசரியை ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தபோது, வருவாய் முழுவதும் ஆண்களின் தொழில்களில்தான் இருந்தது. பெண்களின் தொழிலில் போட்ட கொடை சராசரியாக எந்த இலாபமும் தரவில்லை.

பெண்களுக்குத் தொழில்திறன் குறைவு என்று இதைப் படித்தவர்களும் இருந்தனர். அந்த வாசிப்பு தவறானது என்று பின்னாளில் ஃபீல்டும் பாண்டேயும் வேறு இருவரும் இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை மறுபடி எடுத்து 2019இல் நிறுவினர். முன்னைய ஆய்வுகள் பெண்ணின் கடையில் என்ன நடந்தது என்று மட்டுமே பார்த்தன. அவர்களோ வீட்டையே ஓர் அலகாகக் கொண்டு, கணவனின் தொழிலையும் சேர்த்துக் கணக்கிட்டனர். வீட்டில் தொழில் நடத்தும் ஒரே ஆளாகப் பெண் இருந்த இடங்களில் அவள் போட்ட முதலுக்கு ஆணின் முதலுக்கு நிகரான வருவாய் கிடைத்தது. கணவனுக்கும் தொழில் இருந்த வீடுகளில் பெண்ணின் பெயரில் வந்த பணம் கணவனின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் கூடுதல் இலாபம் தரும் தொழிலுக்குப் பணத்தைத் திருப்பிவிடுவது குடும்பத்துக்கு ஒருவகையில் அறிவார்ந்த முடிவாக இருக்கலாம். ஆனால் குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுபவளும், தவணை நாளன்று பதில் சொல்ல வேண்டியவளும், தவறினால் அவமானப்படுபவளும் அவளே. கடன் அட்டையில் இருக்கும் பெயரையும் பணத்தைச் செலவிட முடிவெடுக்கும் கையையும் ஒன்றாகக் கருதியதே நுண்கடன் பற்றிய பல எதிர்பார்ப்புகள் பொய்த்ததற்குப் பெரும் காரணம்.

பணம் பெண்ணின் கட்டுப்பாட்டில் உண்மையாகவே இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு விடை கிடைத்தது. நூறு நாள் வேலை என்று தமிழ்நாட்டில் அறியப்படும் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலி அங்கு பெரும்பாலும் குடும்பத் தலைவரின் கணக்குக்கே சென்றது. அம்மாநிலத்தின் வடபகுதியிலுள்ள 197 ஊராட்சிகளை ஆய்வாளர்கள் பல பிரிவுகளாக்கி, சிலவற்றில் பெண்களுக்கு வங்கிக் கணக்கு மட்டும் திறந்து கொடுத்தனர். சிலவற்றில் அவர்களுடைய கூலி அக்கணக்கிலேயே நேராகச் சேரவும், கணக்கைக் கையாளும் பயிற்சி கிடைக்கவும் ஏற்பாடு செய்தனர். வெறும் கணக்கு பெற்றவர்களைவிட, கூலியும் பயிற்சியும் பெற்ற பெண்கள் அரசு வேலையில் மட்டுமன்றி வெளி வேலையிலும் கூடுதலாக ஈடுபட்டனர். மூன்று ஆண்டுகள் கழிந்தபின், பெண் வேலைக்குப் போவது பற்றி அவர்களே கொண்டிருந்த கட்டுப்பாடான எண்ணங்களும் தளர்ந்திருந்தன. ஒரு பாஸ்புத்தகத்தைக் கொடுப்பதும் அதில் அவளுடைய உழைப்பின் பணம் வந்து விழச் செய்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

வீட்டில் எழும் இதே கேள்வி ஊராட்சியிலும் எழுகிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73ஆம் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. கணவரே நிருவாகம் நடத்துவார், மனைவி பெயருக்கு இருப்பார் என்ற ஐயம் அன்று முதல் உண்டு. ஒதுக்கீட்டுக்குரிய ஊராட்சிகள் பட்டியலின் வரிசை எண்படி தேர்ந்தெடுக்கப்பட்டதால், அரசே அறியாமல் ஒரு சமவாய்ப்பு ஆய்வை நடத்திக் கொடுத்ததுபோல் ஆயிற்று. இதைப் பயன்படுத்தி ராகவேந்திர சட்டோபாத்யாயும் டஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் இராசத்தானின் உதய்ப்பூரிலும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு அந்த ஐயத்துக்கு நேரான பதிலாக அமைந்தது. ஊர்ப் பெண்கள் தலைவரிடம் கொண்டுசெல்லும் கோரிக்கைகளில் இரு இடங்களிலும் குடிநீர் முன்னின்றது. பெண் தலைமை தாங்கிய ஊராட்சிகளிலும் குடிநீருக்குக் கூடுதல் செலவு செய்யப்பட்டிருந்தது. சாலையைப் பெண்களும் வலியுறுத்திய பீர்பூமில் பெண் தலைவர்கள் சாலைக்குக் கூடுதலாகவும், ஆண்களே பெரிதும் அதைக் கேட்ட உதய்ப்பூரில் குறைவாகவும் செலவிட்டிருந்தனர்.

மதிப்பீடு மாறுவதற்குக் காலம் பிடிக்கிறது. பீர்பூமில் நடந்த மற்றோர் ஆய்வில், ஊர்த் தலைவர் ஒருவரின் பேச்சை ஒலிப்பதிவாக ஊராருக்குப் போட்டுக் காட்டினர். சொற்கள் ஒன்றேயாயினும் சிலர் ஆண் குரலிலும் சிலர் பெண் குரலிலும் கேட்டனர். பெண் தலைமையையே பார்த்திராத ஊர்களின் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டனர். பார்த்த ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு வந்த ஊர்களில், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் போட்டியிட்டு வெல்வது கூடியது. அவ்வூர்களில் பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் வைத்திருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி குறைந்ததையும், படிப்பில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இருந்த வேறுபாடு மறைந்ததையும் 2012இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

தென்னிந்தியாவின் படம் இத்தனை தெளிவாக இல்லை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் ராடு பான், விஜயேந்திர ராவ் இருவரும் செய்த ஆய்வில், பெண் தலைவர்கள் பொம்மைகள் என்பதற்கும் சான்றில்லை, ஆண்களிலிருந்து பெரிதும் மாறாகச் செலவிட்டனர் என்பதற்கும் சான்றில்லை. அனுபவம் மிக்க பெண்கள் சிறப்பாகச் செயல்பட்டனர். நிலம் பெரும்பாலும் மேல்சாதியினர் கையில் இருந்த ஊர்களில் அவர்களால் அவ்வாறு செயல்பட இயலவில்லை. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடத்தை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரின் கையொப்பம் மட்டும் போதாது; துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. தலைவர் பதவியில் இட ஒதுக்கீட்டால் வந்த பட்டியல் சாதிப் பெண்ணும், துணைத் தலைவர் பதவியில் ஊரில் செல்வாக்குள்ள சாதியைச் சேர்ந்தவரும் அமரும்போது, அந்த இரண்டாம் கையொப்பம் மாதக்கணக்கில் வராமல் போவதும், தெருவிளக்குக்கும் துப்புரவுப் பணியாளரின் ஊதியத்துக்கும் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் போவதும் மாநிலத்தில் மீண்டும் மீண்டும் எழும் முறையீடுகள். அத்தகைய ஊராட்சிகளில் ஒதுக்கீடு தந்த பதவியின் அளவை அந்த இரண்டாம் கையொப்பமே தீர்மானிக்கிறது.