மீசப்புலிமலையில் இரண்டு நாள்

மலைக்குப் போவது வேறு. மலை ஏறுவது வேறு. கோடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்று, ஏரியில் படகு விட்டு, சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பியவர் நம் பள்ளியில் பலர் உண்டு. அங்கெல்லாம் வண்டி ஏறுகிறது, நாம் அமர்ந்திருக்கிறோம். வண்டி நின்ற இடத்திலிருந்து இரு கால்களை நம்பி மேலே போய், இரவில் துணிக் கூடாரத்தில் படுத்தெழுந்து வருவதென்றால், மலை நமக்குச் சில பாடங்களைக் கட்டாயம் நடத்தும். பொங்கலை அடுத்து வந்த ஒரு சனி, ஞாயிறில், மேல்வகுப்புத் தோழியர் ஒன்பது பேர், உடற்பயிற்சி ஆசிரியையும் அறிவியல் ஆசிரியையும் துணைவர, மூணாற்றை அடுத்த மீசப்புலிமலைக்குச் சென்று வந்தோம். அதைப் பயணக் கட்டுரையாக எழுதப் புகுந்தால் ‘கண்டு களித்தோம், உண்டு மகிழ்ந்தோம்’ என்று முடிந்துவிடும். ஆகவே, உயர்ந்த மலையில் என்னென்ன நேர்கிறது, ஏன் நேர்கிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம். அடுத்துப் போக விரும்பும் தங்கையருக்கும், அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். மீசப்புலிமலை 2,640 மீட்டர். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மூன்று மீட்டர் குறைவு! தொலைவிலிருந்து பார்த்தால் முகில் படிந்த முகடு புலியின் மீசைபோலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். எங்களுக்கு என்னவோ மீசை தெரியவில்லை, முகில்தான் தெரிந்தது. மலை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லை அருகிலேயே உள்ளது. மதுரையிலிருந்து தேனி, போடிநாயக்கனூர் வழியாகப் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மூணாற்றை அடைந்து, அங்கிருந்து மாட்டுப்பட்டி வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிச் செல்லவேண்டும். இரவு தங்கும் முகாம் கேரள வனவளர்ச்சிக் கழகத்தினுடையது. முன்னரே பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியுடன்தான் ஏறலாம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அண்ணன் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சொல்லி நாங்கள் அறிந்தவையும் இக்கட்டுரையில் கலந்துள்ளன.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. மதுரைக்கும் மீசப்புலிமலை உச்சிக்கும் ஏறக்குறைய 2,500 மீட்டர் வேறுபாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 பாகைக்கு மேல் குறையும். தை மாத இரவில் மதுரையில் 21 பாகை என்றால் உச்சியில் ஏறக்குறைய 5 பாகை! வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் இன்னும் குறையும். மூணாற்றுப் பகுதியில் ஜனவரியில் சில நாள்கள் பூச்சியத்துக்கும் கீழே போவதுண்டு.

இந்தக் குளிருக்கு நம் வீடுகளில் உள்ள பருத்தித் துணிகள் ஏற்றவை அல்ல. ஊரில் பருத்தியைப்போல உடம்புக்கு இதமான துணி வேறில்லை. ஆனால் அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சியின் காற்றில் நின்றால், ஈரத் துணி சுற்றிய பானை குளிர்வதுபோல உடம்பு குளிர்ந்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஆகவே ஒரு தடித்த கோட்டைக் காட்டிலும் மெல்லியவையாக மூன்று அடுக்குகள் அணிவதே மேல். நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றவுடன் போட்டுக்கொள்ளலாம். உடம்பு நடுங்கத் தொடங்கினால் அது முதல் எச்சரிக்கை. நடுக்கத்தோடு பேச்சுக் குழறி, கால் தடுமாறத் தொடங்கினால் அது ஆபத்து. உடனே காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றிப் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் தரவேண்டும். குளிரால் வரும் இந்த மயக்கத்துக்குப் பனிமலைதான் வேண்டும் என்பதில்லை. மழையும் காற்றும் சேர்ந்தால் நம் மலைகளே போதும்.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. பள்ளத்தில் காற்றுக்கு மறைவாக இருக்கும், ஆதலால் அங்குச் சூடாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மையில் குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இதை அண்ணன் தேயிலைச் செடியை வைத்து விளக்கினார். உறைபனி விழும் காலத்தில் தாழ்வான பகுதியில் உள்ள செடிகளே முதலில் கருகுகின்றனவாம்; மேட்டில் உள்ளவை பச்சையாகவே நிற்குமாம். ஆகவே பள்ளமும் வேண்டாம், முகடும் வேண்டாம். சற்று உயர்ந்த சமதரையே கூடாரத்துக்கு உகந்தது. ஓடை வறண்டு கிடந்தாலும் அதன் தடத்தில் படுக்கக்கூடாது.

படுக்கையில் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம் என்பதை முதல் இரவிலேயே அறிந்தோம். தரை நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. காற்று அடைபட்ட தடித்த விரிப்பு இருந்தால்தான் அது தடைபடும். காலையில் கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர் முத்துகள்! மழை பெய்யவில்லை, எல்லாம் நாங்கள் இரவெல்லாம் விட்ட மூச்சுதான். அதற்காகவே கூடாரத்தின் மேல்திறப்பைச் சிறிது விட்டு வைக்கவேண்டும். குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைப்பவர் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவர். அடுப்பு எதுவாயினும் கூடாரத்துக்கு வெளியேதான்.

“குக்கர் இல்லேன்னா இங்கே பருப்பு வேகாது, பாப்பா” என்றார் முகாம் சமையற்காரர். அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரம் கொதித்துவிடும். 2,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. பருப்பு வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்குமே தவிர வேகாது. வகுப்பில் மூன்று முறை கேட்டும் மனத்தில் நிற்காத பாடம், பசியோடு கேட்டபோது ஒரே தடவையில் நின்றுவிட்டது.

மூச்சு வாங்குவதற்கும் இதுவே காரணம். உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அந்த அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். அன்றே ஏறி அன்றே இறங்குவோருக்கு அச்சமில்லை. இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல் பல நாள் ஏறுவோர் ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்திக்கொள்வர். தலைவலியோடு மேலே போகக்கூடாது, இறங்குவதே மருந்து.

மறுநாள் காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். புல்வெளி, அடுத்து ஒரு மடிப்பில் சோலைக்காடு, மீண்டும் புல்வெளி என்று மலை மாறி மாறி வருகிறது. சோலைமரங்கள் உயரமில்லாமல், பாசி போர்த்து, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன. மழைக்காலத்து நீரைச் சோலையும் புல்லும் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர்ச் சிறுகச் சிறுக விடுகின்றன. புல்வெளி ‘வெறும் நிலம்’ என்று எண்ணி அயல்மரங்களை நட்டுப் பல இடங்களில் அதை இழந்துவிட்டோம். செம்பூக்கள் விரியத் தொடங்கியிருந்த ரோடோடென்ட்ரான் மரங்களைக் கடந்தபோது, பாறை விளிம்பில் நான்கு வரையாடுகள் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை நாங்கள் கேரளத்தில் போய்ப் பார்த்தோம்! ஒரு மேடு ஏறி ‘இதுதான் உச்சி’ என்று மகிழ்ந்தால் அப்பால் இன்னொரு மேடு. இப்படிப் பலமுறை ஏமாந்து, ஒருவழியாக உச்சியை அடைந்தோம்.

அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் நோக்கினால் கொழுக்குமலையும், அதற்குக் கீழே இறங்கும் செங்குத்துச் சரிவுகளும், அடியில் தேனி மாவட்டச் சமவெளியும் விரிகின்றன. அந்தச் சரிவின் பெயர் எங்கள் பயணத்துக்கு முன்பே பலமுறை பேசப்பட்டுவிட்டது. அனுமதிக்காகக் கூடிய பெற்றோர் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வியே, “குரங்கணியை மறந்துவிட்டீர்களா?” என்பதுதான்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களைப்போலவே சனி, ஞாயிறு விடுமுறைக்கு மலையேற வந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களில் இளம்பெண்கள் பலர். அந்தத் தாயின் கேள்விக்கு ‘ஒன்றும் ஆகாது’ என்று பதில் சொல்வது எளிது. எங்கள் ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

மாசி, பங்குனியில் இச்சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். சமதரையில் தீ எரிந்தால் சுடர் நேராக மேலே போகும். சரிவில் எரிந்தாலோ, சுடர் மேலே உள்ள புல்லின்மீது சாய்ந்து, அதைத் தொடுமுன்பே காய்ச்சிவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். ஆகவே மேல்நோக்கி ஓடித் தீயை வெல்ல மனிதரால் இயலாது. இடுங்கிய பள்ளங்கள் புகைபோக்கிபோல வேலை செய்யும், அங்கும் ஒளியக்கூடாது. தீ பற்ற ஒன்றுமில்லாத இடமே புகலிடம்: வெறும் பாறை, ஓடை, அகன்ற பாதை, ஏற்கெனவே எரிந்து தணிந்த கரிநிலம்.

நடக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை ஆசிரியை நின்று, “இப்போது கீழிருந்து தீ வந்தால் எங்கே போவீர்கள்?” என்று கேட்பார். ஒன்பது பேரும் கைநீட்டிக் காட்டவேண்டும். முதலில் விளையாட்டாகத் தோன்றியது. உச்சியில் நின்று அந்தச் சரிவைப் பார்த்தபிறகு எவரும் சிரிக்கவில்லை.

குரங்கணிக்குப் பின் அரசு, அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இன்றிக் காட்டில் நடக்கக்கூடாது என்று விதி வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழியாக 40 தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. தீக்காலத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. நாங்கள் தை மாதத்தைத் தேர்ந்ததும், வெயில் ஏறுமுன் உச்சி தொட்டுத் திரும்பியதும் இதனால்தான். கேள்வி கேட்ட அம்மையார் கடைசியில் மகளை அனுப்பினார். பையில் இரண்டு கம்பளிச் சட்டைகள் கூடுதலாக இருந்தன.

குரங்கணி எரிந்த அதே 2018இல், சில மாதங்கள் கழித்து, இம்மலைத்தொடரில் நீலக்குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது ஆதலால் மீண்டும் பூப்பது 2030இல். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் தங்கையர் அப்போதும் பள்ளியில்தான் இருப்பார்கள். இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இறங்குவது எளிது என்று எண்ணவேண்டாம். ஏறும்போது மூச்சுக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கும் தொடைக்கும் வேலை. உடம்பின் பாரத்தை ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பதால், வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வருகிறது. சிறு சிறு அடியாக, முழங்காலைச் சற்று மடித்து, கையில் ஒரு கோலூன்றி இறங்கினால் குறையும். இவ்வளவும் செய்தபின்னும் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு மாடியிலிருந்து இறங்கி வர எங்களுள் ஒருத்தி விடாமல் எல்லாருக்கும் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது.