இரண்டு நிமிட வானவழி

வானூர்திப் பயணம் என்றவுடன் நெடுந்தொலைவே நம் நினைவிற்கு வரும். ஆயின், ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளுக்கிடையே வானூர்தி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 2.7 கி.மீ. மட்டுமே! 1967ஆம் ஆண்டு லோகன்ஏர் நிறுவனம் தொடங்கிய இச்சேவை, கால அட்டவணைப்படி நிகழும் வான்பயணங்களுள் உலகிலேயே மிகக் குறுகியதாகும்.

இப்பயணத்திற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். காற்று துணைநின்றபோது 53 வினாடிகளில் முடிந்ததும் உண்டு; அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 183 கி.மீ. தொலைவு மாறாதிருக்க, நேரம் மட்டும் மாறுவதேன்? வானூர்தி இயன்றவரை காற்றை எதிர்கொண்டே மேலெழும், அவ்வாறே தரையிறங்கும். காற்றின் திசையும் ஓடுபாதையின் திசையும் செல்லும் வழியோடு இயைந்தால் நேரே சென்று இறங்கலாம். இயையாவிடின் வளைந்து திரும்ப வேண்டும். எதிர்க்காற்றோ வேகத்தையும் குறைத்துவிடும்.

இத்துணைச் சிறு கடலைக் கடக்க வானூர்தி எதற்கு என வினவத் தோன்றும். பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூற்றுக்கும் குறைவானவரே. மருத்துவமனை உள்ள கிர்க்வால் நகரத்தோடு அவர்களை இணைக்கும் வான்வழியின் ஒரு கண்ணியே இப்பயணம். எட்டுப் பயணியரே அமரக்கூடிய ‘ஐலண்டர்’ என்னும் சிற்றூர்தியில் ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் செல்கின்றனர். ஐயாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட நேப் ஆஃப் ஹவர் கல்வீட்டைக் காண ஆய்வாளரும் வருகின்றனர்.

பயணத்தின் அருமையை அதன் தொலைவு காட்டாது. அது கொண்டு சேர்க்கும் கல்வியும் மருத்துவமுமே காட்டும். மக்கள் சிலரே எனினும் அவர்தம் தேவை சிறிதன்று என்பதை மாணவர் இதனால் உணர்தல் வேண்டும்.