பழைய காமிரா வாங்குமுன் ஒரு நிமிடம்!

சம்பளம் வாங்கிய மறுநாள் ஆபீஸ் நண்பர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார்.

"செல்போன்லயே எல்லாரும் படம் எடுக்கறாங்க. நீங்க மட்டும் கழுத்துல ஒரு கல்லைக் கட்டிக்கிட்டு அலையறீங்களே, எதுக்கு சார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். சிரிப்பு அடங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, "எனக்கும் ஒண்ணு வேணும். பழசு போதும். எங்கே கிடைக்கும்?" என்றார்.

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலருக்குப் பிள்ளைகளைப் படம் பிடிக்க ஆசை. சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், காதுகுத்து என்று போய் நாலு காசு பார்க்க எண்ணம். இரண்டும் நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு மாத வாடகைப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற விஷயம். ஏமாந்தால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. நான் ஏமாந்தவன். அதனால் சொல்லுகிறேன்.

பழசு போதுமா?

போதும். தாராளமாகப் போதும்.

இப்போது வசதியுள்ள போட்டோக்காரர்கள் உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராவுக்கு மாறி வருகிறார்கள். அவர்கள் கழித்துக்கட்டும் பழைய கண்ணாடிக் காமிராக்கள் நம் கைக்கு எட்டும் விலைக்கு வருகின்றன. 2010-ல் வெளிவந்த நிக்கான் டி3100, அதற்கு அடுத்த ஆண்டு வந்த கேனன் 1100டி போன்றவை இந்த ரகம். முன்னதில் 14 மெகாபிக்சல், பின்னதில் 12.

"அவ்வளவுதானா? என் செல்போனிலேயே 50 இருக்கே" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 2006-ல் வந்த நிக்கான் டி40 வெறும் 6 மெகாபிக்சல்தான். அதன் படத்தை அங்குலத்துக்கு 250 புள்ளி வீதம் அச்சிட்டால் 12-க்கு 8 அங்குலம் வரும். நம் வீட்டுச் சுவரில் மாட்ட அதற்கு மேல் எதற்கு? 1975-ல் கோடக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் மொத்தமே 10 ஆயிரம் புள்ளிகள். ஒரு படத்தை காசெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனதாம்!

செல்போன் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பல நேரங்களில் அதுவே நல்ல படம் தரும். ஆனால் அதில் படத்தை முடிவு செய்வது போன். முகத்தை வெளுப்பதும், நிழலை அழிப்பதும் அதன் இஷ்டம். காமிராவில் தப்பானாலும் சரியானாலும் நாம் செய்தது. தொழில் கற்றுக்கொள்ள அதுதான் வழி.

வாங்கப் போகும்போது

வி.டி. ஸ்டேஷனுக்கு (இன்றைய பெயர் நீளம், நமக்கு அது என்றும் வி.டி.தான்) எதிரே டி.என். ரோடு, போரா பஜார் பக்கம் காமிராக் கடைகள் உண்டு. பழையதும் கிடைக்கும், பழுதும் பார்ப்பார்கள். தெரிந்த போட்டோக்காரரிடம் வாங்கினால் இன்னும் நல்லது. எங்கே போனாலும் பகலில் போங்கள். சட்டைப் பையில் ஒரு சிறு டார்ச்சு, ஒரு வெள்ளைக் காகிதம், நீங்களே கடையில் வாங்கிய புதுக் கார்டு, இந்த மூன்றும் இருக்கட்டும்.

முதலில் லென்ஸ். கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. மும்பையில் நாலு மாத மழை. அலமாரியில் பூட்டி வைத்த லென்சுக்கு இது பெரிய எதிரி. "துடைச்சா போயிடும் பாய்" என்பார் கடைக்காரர். உள்ளே இருப்பதை எப்படித் துடைப்பது? வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

அடுத்து உள்ளிருக்கும் சென்சார். துவாரத்தை 16 என்ற எண்ணுக்குக் குறுக்கி, வெள்ளைக் காகிதத்தை வேண்டுமென்றே மங்கலாக ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி ஒன்றிரண்டு தெரிந்தால் தூசி, சுத்தம் செய்யலாம். கீறலாக நீண்டு தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, எத்தனை படம் எடுத்த காமிரா என்பது. ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டர் மாதிரி. டி3100 போன்றவற்றின் ஷட்டரை 1 லட்சம் தடவை சோதித்ததாகக் கம்பெனி சொல்கிறது. நிக்கான் படங்களில் அந்த எண்ணிக்கை படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும். ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடும். கேனனில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. பழுது பார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும். 20 ஆயிரம், 30 ஆயிரம் என்றால் கவலையில்லை. 90 ஆயிரம் என்றால் விலை பாதியாக வேண்டும்.

பாட்டரி உப்பியிருக்கிறதா, பிளாஷ் எழும்புகிறதா, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. டி40, டி3100 போன்ற சிறிய நிக்கான்களின் உடலில் போகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மோட்டார் இல்லாத பழைய லென்சை வாங்கி மாட்டினால், வளையத்தைக் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். கேனனில் இந்தத் தொல்லை இல்லை.

காமிராவின் அடியில் உள்ள எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு ரசீது வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கினால் அடையாள அட்டை நகலும் வேண்டும். திருட்டுக் காமிரா என்று போலீஸ் வந்தால் உங்களுக்கு அதுதான் சாட்சி.

கார்டைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறீர்களா? அதற்குத் தனிக் கதை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளை வேட்டி ஏன் அழுக்காகிறது?

காமிரா வந்தாயிற்று. முதல் நாள் எடுத்த படத்தைப் பார்த்தால் வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்தில் இருக்கும். பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்த படம் எடுத்தால், வானம் நன்றாக இருக்கும், நம் பெண்களின் முகம் கரிக்கட்டையாக இருக்கும். காமிரா கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் திருப்பிக் கொடுக்கவே போய்விட்டார்.

கெடவில்லை. காமிராவுக்கு வேட்டியும் தெரியாது, முகமும் தெரியாது. எதைக் காட்டினாலும் அது கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் உள்ள ஒரு சாம்பல் நிறம் என்று எண்ணி வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளையைக் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். கறுப்பைக் காட்டினால் கூட்டிவிடும். அதற்குத்தான் + - என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், பின்னால் வானம் என்றால் +1 வையுங்கள். இருட்டுப் பின்னணியில் முகத்தில் மட்டும் வெயில் விழுந்தால் -1. நம்மவர்கள் முகத்தை நிறம் மாற்றாமல், உள்ளபடி, அழகாகக் காட்ட இந்த ஒரு பொத்தான் போதும். எனக்கு இது பிடிபட ஆறு மாதம் ஆயிற்று.

மற்ற மூன்று எண்களையும் மெதுவாகப் பழகலாம். துவாரம் என்பது ஜன்னல். எண் சிறியதானால் ஜன்னல் பெரிது, முகம் தெளிந்து பின்னால் உள்ளது மங்கும். ஷட்டர் என்பது ஜன்னல் திறந்திருக்கும் நேரம். ஓடும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்க 1/500 வேண்டும். கைநடுக்கம் தெரியாமலிருக்க, 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/80-க்குக் கீழே போகாதீர்கள். ஐ.எஸ்.ஓ. என்பது கொஞ்ச வெளிச்சத்தையும் பெரிதாக்கிக் காட்டும் சக்தி. பழைய காமிராவில் 1600-க்கு மேல் போனால் படத்தில் மணல் தூவியது போல் ஆகிவிடும்.

ரயிலைப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. எடுங்கள், ஆனால் பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கினால் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். கண்ணைக் காமிராவில் வைத்தவனுக்குக் காதும் கேட்பதில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மழைக்காலத்தில் காமிராவைத் தோல் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நீல மணிகள் வெளிர் சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுபடுத்தினால் மறுபடி நீலமாகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கார்டு கதை

2019 தொடக்கத்தில் நான் என் முதல் காமிராவை ஒரு தனி ஆளிடம் வாங்கினேன். 9 ஆயிரம் ரூபாய். பேரம் முடிந்ததும் அவர் ஒரு கார்டைக் கொடுத்தார். மேலே 32 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தது. "இது நம்ம அன்பளிப்பு" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் பழகியது தாராவியில்தான். விடியற்காலையில் அங்கே இட்லி வேகும் சந்துகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்து மணிக்கெல்லாம் அடுக்குப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரமெங்கும் கிளம்பிவிடுவார்கள். ஆவியும், மஞ்சள் விளக்கும், வெள்ளை இட்லியும். புதிதாகக் காமிரா பிடித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தினமும் போய் எடுத்தேன். எதையும் அழிக்கவில்லை. 32 ஜி.பி. இருக்கிறதே!

அங்கே ஒரு ஆச்சி இருந்தார். அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தச் சந்தில்தான். மகன் தலையெடுத்துவிட்டதால் ஊருக்கே திரும்பப் போவதாக இருந்தார். ஏப்ரலில், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ தம்பி, எல்லாரையும் புடிக்க. என்னய ஒண்ணு புடி. நல்லதா ஒரு படம் எனக்குக் கெடையாது" என்றார்.

வெள்ளைச் சேலை கட்டி, நீறு பூசி, வாசல் படியில் உட்கார்ந்தார். +1 வைத்தேன். நாற்பது படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் எடுத்தவுடன் திரையில் வந்தது. ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எங்க அம்ம மாதிரில்லா இருக்கேன்" என்று சிரித்தார். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏற்றிவிடப் போனபோதும், "தம்பி, படம்" என்று ஞாபகப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டேன். முதலில் இருந்த ஐந்நூறு சொச்சம் படங்கள் திறந்தன. அதன்பின் எடுத்த ஒன்றுகூடத் திறக்கவில்லை. பெயர் இருந்தது, படம் இல்லை. பழுது பார்ப்பவர் கார்டைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: அது போலி. உள்ளே இருந்தது 4 ஜி.பி.தான். 32 என்று காமிராவிடம் பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். 4 நிறைந்தபின் எடுத்தது எதுவும் பதியவே இல்லை. அழிந்த படத்தை மீட்கலாம். பதியாத படத்தை எங்கே தேடுவது? எடுத்தவுடன் திரையில் தெரிந்தது காமிராவின் தற்காலிக நினைவிலிருந்து வந்தது. கார்டிலிருந்து அல்ல.

காமிரா, லென்ஸ் எதுவும் பழையதாக வாங்குங்கள். கார்டு மட்டும் புதிதாக, ரசீதோடு வாங்குங்கள். வாங்கிய அன்றே வீட்டில் வைத்துக் கார்டு நிறையும் வரை எதையாவது எடுத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் கடைசிப் படம் வரை திறக்கிறதா பாருங்கள். எடுத்த படத்தை அன்று இரவே இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

ஊருக்கு வரும்போது மறுபடி எடுக்கிறேன் என்று ஆச்சிக்குப் போனில் சொன்னேன். "அதுக்கென்ன, வா" என்றார். தீபாவளிக்குப் போக லீவு கேட்டிருந்தேன். ஆவணியில் அவர் இறந்துவிட்டார். காரியத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள்.

அவர் மகன் மும்பை திரும்பியதும் என்னிடம் வந்தார். திறந்த ஐந்நூறு படங்களையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் வாரத்தில் எடுத்த ஒன்றில், இட்லிக் கொப்பரை ஓரத்தில், ஆவிக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. பச்சை குத்திய கை. ஈரத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "அம்ம கைதான்" என்றார். 12-க்கு 8 அளவில் அச்சிட்டு வாங்கிப் போனார்.

வருகிற சனிக்கிழமை ஆபீஸ் நண்பரோடு போரா பஜார் போகிறேன். டார்ச்சு என்னிடம் இருக்கிறது. கார்டை அவர் நேற்றே வாங்கி, நிறைய எடுத்துச் சோதித்தும் பார்த்துவிட்டார்.